கடையில் பை பையாக விற்கும் காளான், காட்டில் அரியதா?

காலைநடை:
சவுத்தாம்டனுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. போன சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கிழட்டு பீச் மரத்தில் வெள்ளையாக ஏதோ தொங்குவதைப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்க்கத் தாத்தாவின் தாடி மாதிரி இருந்தது. கிட்டப் போனால் நூற்றுக்கணக்கான மெல்லிய முட்கள், எல்லாமே கீழ்நோக்கி. லயன்ஸ் மேன் எனப்படும் காளான், அறிவியல் பெயர் ஹெரிசியம் எரினேசியஸ்.

கை நீட்டினேன். கூட வந்த நண்பர் தடுத்துவிட்டார். பிரிட்டனின் 1981 வனவிலங்குச் சட்டத்தில் எட்டாம் அட்டவணை என்று ஒன்று உண்டாம். 1998-ல் அதில் நான்கு காளான்களைச் சேர்த்தார்கள், அதில் இதுவும் ஒன்று, வேண்டுமென்றே பறித்தால் குற்றம் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் கடைக்குப் போனால் அதே காளான் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறது. பொடியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் பண்ணை பண்ணையாக வளர்க்கிறார்கள். இதை எப்படி அரியது என்கிறார்கள்? நாம் பார்ப்பது பூதான், உண்மையான உடல் மரத்துக்குள் நூலாக ஓடுகிறது. மாங்காய் பறித்தால் மாமரம் செத்துவிடுமா? சுவிட்சர்லாந்தில் லா ஷனேயா என்ற இடத்தில் 1975-லிருந்து 29 ஆண்டுகள் பறித்தும் பறிக்காமலும் ஒப்பிட்டார்கள். பறித்ததால் அடுத்தடுத்த வருட விளைச்சல் குறையவில்லை என்று 2006-ல் வெளியிட்டார்கள்.

அரிது காளான் இல்லை, அதைப் பார்க்கும் கண்தான் என்பது என் வாதம். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

மரத்தூள்:
முழுக்க உடன்படுகிறேன். நான் கோவையில் சிப்பிக் காளான் வளர்ப்பவன். லயன்ஸ் மேனையும் குளிர் அறையில் மரத்தூள் பையில் வளர்த்துப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. விதை இருக்கிறது, வளர்க்கும் முறை தெரியும். அப்புறம் என்ன அழிவு?

வைரக்கட்டை:
காலைநடை, முதலில் உங்கள் சுவிஸ் ஆய்வு. அது பெரும்பாலும் தரையில் முளைக்கும் காளான்களைப் பற்றியது. காட்டுத் தரைக்கு அடியில் பரந்து கிடக்கும் பூஞ்சை நூலிலிருந்து சில குடைகளை எடுப்பதும், ஒரு தனி மரத்தின் ஒரே ஒரு பூவை எடுப்பதும் ஒன்றல்ல. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. ஆட்கள் மிதித்து நடந்த இடங்களில் முளைத்த எண்ணிக்கை குறைந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காளான் எங்கே வாழ்கிறது? மரத்தின் வைரத்தில். நம் ஊரில் வைரம் பாய்ந்த கட்டை என்கிறோமே, அந்த உள்கட்டையில். பீச்சோ ஓக்கோ நன்றாக வயதாகி, கிளை முறிந்தோ அடிபட்டோ உள்ளே காற்று புகுந்த பிறகுதான் இதற்கு வாழ்வு. உயிரோடு இருக்கும் மரத்தின் வெளிக்கட்டை நீர் நிறைந்து கிடக்கும். பூஞ்சைக்கு அங்கே மூச்சு விட இடமில்லை. கட்டை காய்ந்து காற்று நுழைந்தால்தான் அது பரவும். பூப்பதற்கும் அதற்குப் பெரிய கட்டை வேண்டும். ஒரு விரல் தடி சுள்ளியில் இது பூக்காது.

அப்படிப்பட்ட மரம் எத்தனை இருக்கிறது? தெற்கு இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட், வின்சர் போன்ற சில பழைய காடுகளில்தான் மிகப் பழைய பீச்சுகள் கூட்டமாக மிஞ்சியிருக்கின்றன. மற்ற இடங்களில் மரம் வயதாகுமுன்பே வெட்டிவிடுவார்கள். 1987 அக்டோபர் புயலில் அங்கே சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. விழுந்ததைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று எவ்வளவு கட்டையை இழுத்துப்போனார்கள்! ஒவ்வொரு கட்டையும் ஒரு வீடு.

கடையில் இருப்பது மரத்தூள் பையில் இரண்டு மாதம் வாழ்ந்தது. காட்டில் இருப்பது ஒரு மரத்தின் உள்ளே பல வருடம் வாழ்ந்தது. வீட்டில் பிராய்லர் கோழி இருக்கிறது என்பதற்காகக் காட்டுக்கோழி நிறைய இருக்கிறது என்று சொல்வோமா?

காலைநடை:
நல்ல விளக்கம், ஆனால் என் மையக் கேள்வி அப்படியே நிற்கிறது. அமெரிக்காவின் ஒரிகன், வாஷிங்டன் மாநில மலைக்காடுகளில் நோபிள் ஃபர் மரத்தின் அடியில் ஒரு பிரம்மாண்டமான காளான் வளர்கிறது. ப்ரிட்ஜியோபோரஸ் நொபிலிஸிமஸ் என்று பெயர். நூறு கிலோவுக்கு மேல் எடை கண்டவர்கள் இருக்கிறார்கள். மிக அரிது, மிக அரிது என்று பட்டியல் போட்டார்கள். பிறகு மரங்களில் துளை போட்டுக் கட்டையை எடுத்து டிஎன்ஏ பார்த்தார்கள். பூவே இல்லாத மரங்களிலும் அது இருந்தது! நினைத்ததைவிட மிக அதிகம் என்று 2015-ல் எழுதினார்கள். லயன்ஸ் மேனும் அப்படித்தான் மரத்துக்குள் ஒளிந்திருக்கும்.

வைரக்கட்டை:
ஒளிந்திருக்கிறது, மறுக்கவில்லை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் லின் பாடியும் சகாக்களும் 2010-ல் இதைத்தான் காட்டினார்கள். பார்க்க ஆரோக்கியமான மரங்களின் வெளிக்கட்டையிலேயே மரம் அழிக்கும் பூஞ்சைகள் பல, பரவாமல், சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் நீங்கள் அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. விதைநெல் குதிரில் இருக்கிறது என்பதற்காக வயலில் விளைச்சல் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? பூக்காத பூஞ்சை ஒரு வித்துகூடக் காற்றில் விடாது. அந்த மரம் போனால் அதுவும் போயிற்று. அடுத்த மரத்துக்குத் தாவ வேண்டுமானால் பூக்க வேண்டும், பூக்க வேண்டுமானால் பெரிய, வயதான மரம் வேண்டும். கண் அரிது என்ற வாதம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பொருந்தும், அங்கே பார்த்தவர்கள் குறைவு. இலங்கைக்கும் பொருந்தலாம். பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலிருந்து த்வைட்ஸ் அனுப்பிய காளான்களுக்கு இங்கிலாந்தின் காளான் ஆய்வாளர்கள் பெர்க்லியும் ப்ரூமும் 1870-களில் பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பது ஒன்று, திரும்பத் திரும்பப் போய்த் தேடுவது வேறு. தெற்கு இங்கிலாந்து அப்படியா? பிரிட்டிஷ் காளானியல் சங்கம் 1896-ல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூடையும் குறிப்பேடுமாகக் காடு சுற்றும் மனிதர்கள் நிறைந்த நாடு. வெள்ளைப் பந்து மாதிரி மரத்தில் தொங்குவது நூறு வருடமாக அத்தனை பேர் கண்ணிலுமா தப்பும்?

மரத்தூள்:
சரி, பெரிய மரத்தில்தான் பூக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மரத்தில் துளையிட்டு நான் விதை வைத்துத் தருகிறேன். பத்து மரம், நூறு மரம். பிரச்சினை தீர்ந்தது அல்லவா? இதற்குப் போய் ஏன் சட்டம், தடை?

வைரக்கட்டை:
மரத்தில் ஏற்றுவது நடக்கவே நடக்கிறது. உயிருள்ள மரத்தில் பூஞ்சையை எப்படிப் புகுத்துவது என்று 2022-ல் வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பண்ணை விதையை எடுத்து வைக்கச் சொல்வதில்லை. அந்தப் பகுதியிலேயே பிடித்த பூஞ்சை வேண்டும்.

ஏன் என்று கேட்டால் மஞ்சள் சிப்பிக் காளானைப் பாருங்கள். கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. 2000-த்தை ஒட்டி அமெரிக்காவில் பண்ணைகளில் வளர்க்க ஆரம்பித்தார்கள், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் காட்டுக்குள் போய்விட்டது. இன்று பல மாநிலங்களில் பட்டுப்போன எல்ம் மரங்களில் கொத்துக் கொத்தாக நிற்கிறது. விஸ்கான்சினில் செய்த ஆய்வு 2025-ல் வந்தது. அது ஏறிய மரங்களில் மற்ற பூஞ்சை இனங்கள் ஏறக்குறைய பாதிதான் இருந்தன. உங்கள் தொழிலின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தப் பையைக் காட்டு ஓரத்தில் கொட்டாதீர்கள், அவ்வளவுதான்.

மரத்தூள்:
இது எனக்குத் தெரியாது. பழைய பைகளை நாங்கள் தோட்டத்து எருக்குழியில்தான் போடுகிறோம். இனி வேகவைத்துவிட்டுப் போடுகிறேன். ஆனால் ஒன்று, பண்ணையில் வளர்ப்பதால்தான் யாரும் காட்டுக்குப் போய்ப் பறிப்பதில்லை. அந்த நன்மையையும் கணக்கில் வையுங்கள்.

புற்றுமண்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பண்ணையில் வளர்க்கவே முடியாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். முதல் மழை பெய்து இடி இடித்த மறுநாள் காலை அப்பத்தா எங்களைக் கிளப்பிவிடும். புற்றைச் சுற்றி வெள்ளையாகக் காளான் பூத்திருக்கும். புற்றுக்காளான். வேர் மாதிரி நீளமாகப் புற்றுக்குள் இறங்கும். கறையான் உள்ளே பூஞ்சைத் தோட்டம் போட்டு வளர்க்கிறது, அந்தக் கறையான் இல்லாமல் அது இல்லை. அதனால்தான் விதை போட்டு யாரும் பையில் விளைவிக்கவில்லை.

அப்பத்தா காலத்திலும் பறித்தோம், இப்போதும் பறிக்கிறோம். பறித்ததால் குறையவில்லை. புறம்போக்கை மட்டமாக்கிப் புற்றை இடித்த பிறகுதான் குறைந்தது. பொக்லைன் வந்த வருடம் எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் காலைநடை அண்ணன் பக்கம் பாதி நிற்கிறேன். பறிக்கும் கையைப் பிடிக்கிறோம், இடிக்கும் கையை விட்டுவிடுகிறோம்.

காலைநடை:
புற்றுமண், இதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். அந்தச் சட்டத்தையே மறுபடி படித்தேன். வேண்டுமென்றே பறித்தால் குற்றம். ஆனால் சட்டப்படியான ஒரு வேலையின் போக்கில், தவிர்க்க முடியாமல் அழிந்தால் அது தற்காப்பாகிவிடும். அதாவது நான் ஒரு பிடி பறித்தால் குற்றவாளி, மரத்தையே அறுத்துப் போடுகிறவர் தப்பலாம்.

வைரக்கட்டை:
அந்த ஓட்டை உண்மை, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். பெரிய ஆபத்து பறிப்பதில் இல்லை என்பதும் உண்மை. உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் 2025 மார்ச்சில் காளான் இனங்கள் 1,300 ஆயின, அதில் 411 அழியும் ஆபத்தில். காரணங்களாக அவர்கள் முன்வைத்தவை மரம் வெட்டுதல், நிலத்தை மாற்றுதல், உரத்திலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் வரும் நைட்ரஜன், தீ. கூடைக்காரர்கள் முதல் வரிசையில் இல்லை.

ஆனாலும் பறிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் காட்டில் அப்படி ஐம்பது மரம் இருந்தால் நான் பேசமாட்டேன். ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஒன்று வித்து விடும் சில வாரங்களில் அதை அறுத்து எடுத்தால், அந்த வருடம் பக்கத்து மரத்துக்கு எதுவும் போகாது. புற்றுமண் சொல்லும் ஊரில் ஒரு புற்றில் பறித்தாலும் பத்துப் புற்றில் பறிக்காமல் விட்டது இருந்தது. கணக்கு அங்கேதான் மாறுகிறது. படத்தில் இடத்தின் பெயரையும் போடாதீர்கள்.

புற்றுமண்:
இதை ஒத்துக்கொள்கிறேன். எங்களிடமும் விரியாத மொட்டைத் தொடக்கூடாது, எல்லாவற்றையும் வழித்து எடுக்கக்கூடாது என்று ஒரு கட்டு இருந்தது.

காலைநடை:
இடத்தின் பெயரைப் போடவில்லை, போடவும் மாட்டேன். பறிக்கவும் இல்லை. சட்டத்தைப் பற்றி இன்னும் உடன்பாடு இல்லை, அதை விடுங்கள், வேறு அவசரம் வந்துவிட்டது. இன்று காலை மறுபடி போனேன். காளான் ஓரம் மஞ்சளாகியிருக்கிறது. மரத்தில் நெஞ்சு உயரத்தில் புதிதாக மஞ்சள் பெயின்ட் கோடு. நடைபாதை ஓரத்து மரம், கிளை விழும் என்று வெட்டக் குறித்திருக்கிறார்கள் போல. வைரக்கட்டை, இப்போது நான் என்ன எழுத வேண்டும், யாருக்கு எழுத வேண்டும்?

வைரக்கட்டை:
இன்றைக்கே எழுதுங்கள். காட்டை நிர்வகிப்பவர்களுக்கும் உள்ளூர்க் காளான் பதிவுக் குழுவுக்கும், இரண்டு பேருக்கும். மரத்தின் சுற்றளவு, காளானின் உயரம், தேதி, நான்கு பக்கப் படம். எட்டாம் அட்டவணை இனம் என்று முதல் வரியிலேயே போடுங்கள். இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த பிறகு, தவிர்க்க முடியவில்லை என்று சொல்வது அவர்களுக்குக் கடினம்.

முதலில் பாதையைப் பத்தடி நகர்த்தக் கேளுங்கள். முடியாது என்றால் மேல்கிளைகளை மட்டும் குறைத்து அடிமரத்தை நிற்க விடச் சொல்லுங்கள். அதுவும் முடியாமல் சாய்த்தே தீருவேன் என்றால், துண்டு போடாமல் முழு நீளத்துக்கு அங்கேயே நிழலில் கிடக்கட்டும். சாய்ந்த கட்டையிலும் இது பூக்கும்.

காலைநடை:
எழுதிக்கொண்டிருக்கிறேன். சுற்றளவு அளக்க டேப் எடுத்துப் போகவில்லை, நாளை விடிந்ததும் போகிறேன்.