கரண்ட் தின்கிற பாக்டீரியா உண்மையா?

முதுநகர்க்காரன்: கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கரண்ட் கொடுத்தால் பாக்டீரியாவே ரசாயனம் தயாரிக்கும் என்கிறான் பையன். கதை விடுகிறானா?

புதுவை மாணவி: இல்லை அண்ணே. 2010-இல் அமெரிக்காவில் டெரெக் லவ்லி குழு ஸ்போரோமியூசா ஓவாட்டா என்ற பாக்டீரியாவை கிராஃபைட் எதிர்மின்வாயில், அதாவது கரண்டின் நெகட்டிவ் முனையில், படரவிட்டது. அது எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு கரியமில வாயுவை அசிட்டேட்டாக மாற்றியது. வினிகரின் புளிப்பு இருக்கிறதே, அந்த அசிட்டிக் அமிலத்தின் உப்புதான். காற்றுப் பட்டால் மட்டும் அந்த பாக்டீரியாவுக்கு ஆகாது, பாத்திரத்தை இறுக்கி மூட வேண்டும்.

முதுநகர்க்காரன்: சரிம்மா, நம்ம ரியாக்டருக்கு எப்போ வரும்?

வடலூரான்: அவசரப்படாதீங்க. மின்வாயில் மெல்லிய படலமாகத்தான் ஒட்டும், உற்பத்தி மந்தம். அப்புறம், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை எரித்த கரண்டைக் கொடுத்துக் கரியமில வாயுவைக் குறைப்பது வெட்டி வேலை. சோலார் என்றால் பேசலாம்.