மறு: ஹெல்மெட் இன்டர்காமுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ('உடன்பேசி'க்கு என் வாக்கு)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஹெல்மெட்டில் பொருத்திக்கொண்டு, வண்டி ஓட்டியபடியே கூட வருபவர்களோடு பேச உதவும் கருவிதான் ஹெல்மெட் இன்டர்காம். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன மாதம் இந்த இழையைத் தொடங்கி 'கவசப்பேசி' என்ற சொல்லை முன்வைத்தவன் நான்தான். வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். ஆனால் என் எண்ணம் மாறியது மடல்களால் மட்டும் இல்லை, நடுவில் இரண்டு முறை மலை ஏறி இறங்கியதாலும்தான். இப்போது என் பரிந்துரை 'உடன்பேசி'. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இது அகராதியில் உட்கார்ந்திருக்கப்போகிற சொல் இல்லை. கடையில் காசு கொடுக்கும்போதும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் வாயில் வரவேண்டிய சொல்.

முதல் பயணம் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கினால் மேலே போய்ச்சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். நாலு வண்டி. நான் முன்னால், கடைசியில் என் மச்சான், அவன் பின்னால் தங்கச்சி. நாலு பேர் ஹெல்மெட்டிலும் ஒரே மாதிரி புளூடூத் இன்டர்காம் செட். பெட்டியிலேயே 'நாலு பேர் பேசலாம்' என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியது.

பாதி வழி தாண்டியதும் மூன்றாவது வண்டிக்காரர் பையைச் சரிசெய்ய ஓரமாக நின்றுவிட்டார். மச்சான் அவரைத் தாண்டி வந்துவிட்டான். அடுத்த வளைவில் உள்பக்கம் முழுக்க மணல். "மணல், இடது பக்கம் மணல்" என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது ஆள் "சரி" என்றார். மச்சான் அவருக்கு ஐம்பது மீட்டர் பின்னால்தான் வந்தான், ஆனாலும் அவன் காதில் ஒன்றும் விழவில்லை. மணலில் பிரேக் பிடித்தான், முன்சக்கரம் வழுக்கியது. தங்கச்சிக்கு அடி இல்லை. அவனுக்கு முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு, கிளட்ச் லீவர் உடைந்தது. எழுந்து நின்று அவன் கேட்ட முதல் கேள்வி: "மணல் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சொன்னேன். அவனுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை அன்று இரவு அறையில் உட்கார்ந்து செட்டின் கையேட்டைப் படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன். அந்த வகைக் கருவிகளில் பேச்சு கைமாறிப் போகிறது. என்னிடமிருந்து இரண்டாமவருக்கு, அவரிடமிருந்து மூன்றாமவருக்கு, அவரிடமிருந்து நாலாமவருக்கு. சின்னப் பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டுவார்களே, அதே அமைப்புதான். நடுவில் ஒருவர் கையை விட்டால் பின்னால் இருப்பவர் எவ்வளவு கிட்ட இருந்தாலும் அந்த ரயிலில் இல்லை. மச்சானுடைய கருவிக்கு மூன்றாமவரை மட்டும்தான் தெரியும்.

இன்னொரு வகை இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் எட்டும் தூரத்தில் உள்ள மற்ற எல்லாக் கருவிகளோடும் நேரடியாகத் தொடர்பு வைத்துக்கொள்ளும். ஒருவர் நின்றுவிட்டால் பேச்சு வேறு வழியாகச் சுற்றிப் போகும். அவர் திரும்ப எட்டும் தூரத்துக்கு வந்ததும் தானாகவே சேர்ந்துகொள்ளும். கார்டோ நிறுவனம் 2015-இல் பேக்டாக் என்ற கருவியில் 15 பேர் வரை இப்படிப் பேசலாம் என்று கொண்டுவந்தது. 2018-இல் சேனா நிறுவனத்தின் 30கே என்ற கருவியும் இதே வகையில் வந்தது. ஆங்கிலத்தில் இதை மெஷ் என்கிறார்கள். நம் ஊர்க் கடைகளிலும் 'மெஷ் செட்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் முதல் முறை வாங்குபவருக்கு அந்தச் சொல் எதையும் காட்டவில்லை. எனக்கும் காட்டவில்லை. விலையில் பல மடங்கு வித்தியாசம் இருப்பது மட்டும் தெரிந்தது, எதற்கு என்று தெரியவில்லை. கருவிக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் இந்த இரண்டு வகைக்கும் பெயர் வைக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

> மெஷ் என்றால் 'கண்ணி'. மீனவர்கள் வலையின் ஓட்டையைக் கண்ணி என்கிறார்கள். நல்ல பழைய சொல் கையில் இருக்க வேறு எதற்கு?

இதை எழுதிய நாகப்பட்டினம் ஐயாவின் சொல்லறிவு எனக்குப் பெரிய மரியாதை. கண்ணி அழகான சொல்தான். ஆனால் யாழ்ப்பாணத்து அண்ணர் மறுமடலில் எழுதிய ஒரே வரி என்னை நிறுத்திவிட்டது: எங்களுக்குத் தெருவில் 'கண்ணி' என்றால் கண்ணிவெடிதான் முதலில் நினைவுக்கு வரும். சாலையில் வண்டி ஓட்டுகிறவன் காதில் விழப்போகிற சொல்லுக்கு அந்த நினைவு வேண்டாம். இரண்டு கரைத் தமிழரும் தயங்காமல் சொல்லக்கூடிய சொல் இருக்கும்போது அதையே எடுப்போம். 'வலை' ஏற்கெனவே இணையத்துக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பதில் 'பின்னல்' நன்றாக நிற்கிறது. சடையோ கூடையோ, பல இழைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதுதான் பின்னல். கூடையில் ஒரு பிரம்பு அறுந்தாலும் கூடை கழன்றுவிடாது. கருவி வேலை செய்யும் விதமும் அதேதான்.

பழைய வகைக்குச் 'சங்கிலி' போதும். 'தொடர்' என்றவர்களுக்கு: தொடர்பு, தொடர்தல், தொலைக்காட்சித் தொடர் என்று அது ஏற்கெனவே நிறைய வேலை பார்க்கிறது. வண்டியின் செயினோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை யாரும் சங்கிலி என்று சொல்வதில்லை, மெக்கானிக் முதல் ஓட்டுபவர் வரை செயின் என்றுதான் சொல்கிறோம். ஆகவே 'சங்கிலி வகை', 'பின்னல் வகை'. இந்த இரண்டு சொல் கடைப்பலகையில் இருந்திருந்தால் நாங்கள் மலைக்குச் சங்கிலியோடு போயிருக்கமாட்டோம்.

இனி கருவியின் பெயர்.

> தலைக்கவசக் கம்பியில்லாத் தொடர்பாடல் கருவி என்றே இருக்கட்டும். பொருள் தெளிவாக இருக்கிறதே.

பொருள் தெளிவுதான், ஐயா. சட்ட ஆவணத்துக்கு அது பொருந்தும். ஆனால் பெட்ரோல் பங்கில் நின்று "உன்னோடதை ஆன் பண்ணு" என்று சொல்பவர் இதைச் சொல்லமாட்டார், இன்டர்காம் என்றுதான் சொல்வார்.

> புளூடூத்துக்கு ஏற்கெனவே 'ஊடலை' இருக்கிறது. 'கவச ஊடலை' எனலாமே?

புளூடூத் 10-ஆம் நூற்றாண்டு டேனிய அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். ஆட்பெயரை அப்படியே விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஊடலை என்பதை ஆக்கியவர்கள் ஊடு செல்லும் அலை என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "ஊடலை நிறுத்து". தமிழ்க் காதுக்கு அது ஊடல் என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமையாகத்தான் கேட்கும். இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பின்னல் வகைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது புளூடூத் வழியாக இல்லை. கைபேசியோடு சேரத்தான் அவற்றுக்குப் புளூடூத். ஆக அந்தப் பெயர் பாதிக் கருவிகளுக்குப் பொருந்தாமல் போகும்.

அடுத்து என் பழைய 'கவசப்பேசி'. இலக்கணத்தில் குறை இல்லை. கவசம் + பேசி, மகரம் கெட்டு வல்லினம் மிகும், மரப்பெட்டி போல. கைபேசியா கைப்பேசியா என்று இங்கே ஆண்டுக்கணக்கில் நடக்கும் வழக்கு இதற்கு வராது. ஆனால் மூன்று சிக்கல். கைபேசிக்குப் போடும் தடித்த உறையைக் கவசம் என்று சொல்கிறார்கள், ஆக கவசம் போட்ட கைபேசி என்று பொருள் திரும்பிவிடுகிறது. இரண்டாவது, ஹெல்மெட் என்பது கருவி உட்காரும் இடம்தான், அதன் வேலை அது இல்லை.

மூன்றாவதை ஓடும் வண்டியில் சோதித்தேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பழைய செட்டில் இரண்டு சொற்களையும் மாறிமாறிச் சொல்லி, பின்னால் வந்தவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். கவசப்பேசியில் வரும் 'சப்பேசி' மூன்று முறை காற்றில் கரைந்தது. காரணம் இருக்கிறது. பழைய புளூடூத் பேச்சில் ஒலியை விநாடிக்கு 8,000 முறைதான் அளந்து அனுப்புகிறார்கள், அதனால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி போய்ச்சேராது. சகர ஒலியின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. உடன்பேசியில் 'டன்' என்ற இடம் ஒவ்வொரு முறையும் தெளிவாக விழுந்தது. கலைச்சொல்லை இப்படியெல்லாம் சோதிக்கவேண்டுமா என்று கேட்கலாம். இந்தக் கருவியின் பெயரைச் சோதிக்க இதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

'உடன்பேசி'யை முதலில் சொன்னவர் மதுரையிலிருந்து எழுதும் சகோதரி. அப்போது நான் எதிர்த்தேன். உடன் என்றால் உடனடி என்று எடுத்துக்கொள்வார்களே என்றேன். இப்போது அதே சொல்லில் மூன்று பொருளும் வேலை செய்வதைப் பார்க்கிறேன். உடன் வருபவரோடு பேசுவது. எண்ணை அழுத்தி மணி அடிக்கக் காத்திராமல் உடனே பேசுவது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஒருவர் பேசும்போதே மற்றவரும் பேசலாம். வாக்கிடாக்கியில் பொத்தானை அழுத்தியவர் மட்டும் பேசுவார், விட்டபிறகுதான் பதில் வரும். இதில் எல்லாரும் உடன் பேசலாம். உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று முன்னால் நடந்த சொற்கள் இருப்பதால் னகரம் றகரமாகத் திரியவேண்டும் என்ற வாதமும் எழாது.

சொல்லிலிருந்து சொல் பிறக்கவும் செய்கிறது. கருவி உடன்பேசி, அது செய்யும் வேலை உடன்பேச்சு. "உடன்பேச்சில் இரு, பாட்டை நிறுத்து" என்று சொல்லிப் பாருங்கள், எங்கும் தட்டவில்லை.

> 'பேசி' என்று முடிந்தால் கைபேசியோடு சேர்த்து இதையும் போலீஸ் பிடிக்குமே?

நல்ல கேள்வி. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஓட்டும்போது கையில் பிடித்த தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதைக் குற்றமாகச் சொல்கிறது. கைபேசியில் 'கை' இருக்கிறது, உடன்பேசியில் இல்லை. ஆனால் உடன்பேசி வழியாக வீட்டுக்கும் ஆபீசுக்கும் போன் பேசிக்கொண்டு போவதை நான் ஆதரிக்கவில்லை. உடன் வருபவர் அதே சாலையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார், லாரி குறுக்கே வந்தால் அவரே நிறுத்திக்கொள்வார். ஆபீசில் இருப்பவருக்கு லாரி தெரியாது.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்குக்கு ஒலிவாங்கி இருக்கிறது. முகம் திறந்த ஹெல்மெட்டுக்கு 'தண்டு ஒலிவாங்கி', முழுமுக ஹெல்மெட்டில் தாடைப் பக்கம் ஒட்டுவதற்கு 'பொட்டு ஒலிவாங்கி'. வாங்கும்போது எது வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், மாற்றி வாங்கினால் பொருந்தாது. காதருகே வைக்கும் 40 மி.மீ. வட்டத்தை ஒலிபெருக்கி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கோயில் திருவிழா நினைவு வருகிறது. 'செவிவில்லை' என்கிறேன். அதை வைக்க ஹெல்மெட்டின் உள்ளே துணிக்குக் கீழே பள்ளம் இருக்கவேண்டும். பள்ளம் இல்லாத ஹெல்மெட்டில் கத்தியால் தெர்மாகோலைச் சுரண்டிப் பள்ளம் செய்துகொடுத்த ஒரு கடையைப் பார்த்தேன். தயவுசெய்து அதைச் செய்யவிடாதீர்கள். விழும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான்.

பேரிங் (pairing) என்பதற்கு 'இணைத்தல்' வேண்டாம். கனெக்ட் என்பதற்கும் அதே சொல்லைத்தான் எழுதுகிறோம், இரண்டும் வேறு. பேரிங் ஒரே ஒரு முறை நடப்பது. இரண்டு கருவியும் ஒன்றையொன்று தெரிந்துவைத்துக்கொள்கின்றன, அப்புறம் ஒவ்வொரு முறையும் இணைந்துகொள்கின்றன. ஆகவே முதலில் நடப்பது 'அறிமுகம்', பிறகு நடப்பது 'இணைப்பு'. வேறு வேறு நிறுவனங்களின் பின்னல்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சேராது, புளூடூத் வழியாகத்தான் அறிமுகம் செய்யவேண்டியிருக்கும், அப்போது பழையபடி சங்கிலிதான். கூட்டமாகப் போகிறவர்கள் ஒரே நிறுவனத்தில் வாங்குவது நல்லது.

எட்டும் தூரத்துக்கு 'எட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார், எண்ணோடு குழம்பும். 'எட்டம்' எனலாம். கிலோமீட்டர் கணக்கில் பெட்டியில் எழுதியிருப்பது வெட்டவெளியில் நேருக்கு நேர் பார்க்கும்போது கிடைப்பது. இந்தக் கருவிகள் பேசிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பாறையைத் தாண்டாது. இரண்டாவது பயணம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு, 40 வளைவு. இரவல் வாங்கிய பின்னல் வகைக் கருவிகளோடு போனோம். அப்போதும் இரண்டு வளைவு தள்ளிப் போனவருக்குப் பேச்சு அறுந்தது. ஆனால் நடுவில் ஒருவர் இருந்தால் அவர் வழியாகத் திரும்ப வந்தது. மச்சான் இந்த முறையும் கடைசியில்தான் வந்தான். "ஈரம், வலது பக்கம் ஈரம்" என்றேன். "தெரியுது, நீ போ" என்றான்.

மியூட் என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'வாய்மூடல்' கடுமையாக இருக்கிறது, 'ஒலியடக்கம்' நீளமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போகிறோம். அதற்குள் யாராவது ஒன்று அனுப்பினால் 14 வளைவிலும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.