உட்செவித் திசுவுக்கு ‘தாங்கி’ வேண்டாம், ‘சாரக்கட்டு’ என்போம்

ஆய்வகத்தில் திசு வளர்க்கும்போது செல்களுக்குப் பிடிமானமாக வைக்கும் ‘tissue scaffold’ என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘திசுத் தாங்கி’ என்று வைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை ஐயா. சுமைதாங்கிக் கல்லும் சரி, இயந்திரத் தாங்கியும் சரி, கடைசிவரை அப்படியே இருப்பவை. நாம் பெயர் தேடும் பொருளோ, செல்கள் வளர வளர வழிவிட்டுக் கரைய வேண்டியது.

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வீடு கட்டுகிற சந்துகளில் சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்து நிறுத்தியிருப்பார்கள். அது சாரம். பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். கருத்து அப்படியே பொருந்துகிறது.

ஆனால் ‘சாரம்’ என்றால் பிழிந்தெடுத்த சாறு என்றும் பொருள் உண்டு, அதனால் வெறும் ‘சாரம்’ இந்தத் துறையில் குழப்பும். இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஏரி ஹஷினோ, கார்ல் கோலர் குழுவினர் 2013-ல் சுண்டெலியின் குருத்துச் செல்களிலிருந்தும் (பல வகைச் செல்களாக மாறக்கூடியவை), 2017-ல் மனிதக் குருத்துச் செல்களிலிருந்தும் உட்செவித் திசுவை வளர்த்தார்கள். அதற்கு மேட்ரிஜெல் பயன்பட்டது. சுண்டெலிக் கட்டியிலிருந்து பிரித்தெடுக்கும் புரதக் கலவை அது. நிஜமாகவே ஒரு சாறு. ஒரு தடவை வாங்கியது போல மறுதடவை இருக்காது. அதற்கு மாற்றாகத்தான் செயற்கைப் பொருள்களைத் தேடுகிறார்கள். ‘உயிர்ச்சாரம்’ என்று எழுதினால் வாசகர் மனதில் சாறுதான் வரும், எதைத் தவிர்க்க நினைக்கிறார்களோ அதுவே! அதனால் ‘சாரக்கட்டு’.

செயற்கைச் சாரக்கட்டு பெரும்பாலும் நீர் ஊறிய பலபடிக் (பாலிமர்) கூழ். பாலிஎத்திலீன் கிளைக்கால் ஓர் உதாரணம். எவ்வளவு இறுக்கம், செல் ஒட்டிக்கொள்ள எந்தப் புரதத் துண்டு என்பதையெல்லாம் நாமே முடிவு செய்யலாம். செல் சுரக்கும் நொதி வெட்டக்கூடிய இணைப்புகளை வைத்தால், செல்லே தனக்கு இடம் பண்ணிக்கொள்ளும்.

அப்புறம், ‘காது வளர்த்தல்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். தமிழில் அது பாம்படம் போடத் துளையை நீட்டுவது. ‘உட்செவித் திசு வளர்ப்பு’ என்றே இருக்கட்டும். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மனிதக் காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை, கோழிக்கு முளைக்கும். ஆலை இரைச்சலில் காது மந்தமானவர்கள் மணலியிலும் எண்ணூரிலும் இருக்கிறார்கள். பிழையான சொல்லைப் படித்துவிட்டு, புதுக் காது பொருத்தப் போகிறார்கள் என்று அவர்கள் நம்பக் கூடாது. இப்போதைக்கு இது நோயை ஆராயவும் மருந்தைச் சோதிக்கவும் உதவும் திசு.

கலைச்சொல் பட்டியலில் பதிவு இப்படி இருக்கலாம். திசுச் சாரக்கட்டு: செல்கள் பற்றி வளர இடம் தந்து, திசு உருவாக உருவாகக் கரையத்தக்க முப்பரிமாணப் பின்னல்.