கோச்சிங் என்பதற்கு 'வழித்துணை': ஒரு பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வழக்கறிஞர் நிறுவனங்களில் பெர்சனாலிட்டி கோச்சிங் என்று நடத்துகிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் எழுந்த கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஆளுமைப் பயிற்சி, ஆளுமைசார் பயிற்றுவிப்பு, ஆளுமை ஆற்றுப்படுத்தல். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லுமுன் அங்கே நடப்பது என்ன என்பதைப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் மேலே பங்குதாரர்கள், அவர்களுக்குக் கீழே சம்பளத்துக்கு வேலை செய்யும் அசோசியேட்டுகள். கட்சிக்காரரிடம் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். ஒரு மணியைப் பத்தாகப் பிரித்து, ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கு எழுதுவது அங்கே பரவலான வழக்கம். இளையவரை உட்காரவைத்துப் பேசும் நேரத்தை எந்தக் கட்சிக்காரர் கணக்கிலும் எழுத முடியாது. அதனால் பங்குதாரர் ஒரே வரியில் வேலையை மின்னஞ்சலில் அனுப்புகிறார். அசோசியேட்டுக்குச் சந்தேகம் இருக்கிறது, ஆனால் கேட்டால் திறமையில்லாதவர் என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்பதில்லை. எழுதிக் கொடுத்த வரைவு பக்கமெல்லாம் சிவப்புத் திருத்தங்களோடு திரும்பி வருகிறது. ஏன் என்று ஒரு சொல் கிடையாது. இருவருமே நல்லவர்கள், இருவருமே உழைப்பவர்கள். ஆனாலும் ஆறு மாதத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்க்கிறார்கள்.

வழக்கறிஞராக இருந்து உளவியலாளரான லாரி ரிச்சர்ட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஐயப்படும் குணத்தில் பொதுமக்கள் 100 பேரில் 90 பேரை மிஞ்சும் இடத்தில் வழக்கறிஞர்களின் சராசரி நிற்கிறது என்பது அவர் கண்டது. குறை சொன்னால் தாங்கிக்கொண்டு மீளும் திறனும், பிறரோடு நெருங்கிப் பழகும் விருப்பமும் அவர்களிடம் சராசரிக்குக் கீழே. எதிர்த்தரப்பு ஆவணத்தில் ஓட்டை தேட ஐயம் வேண்டும். அது தொழிலின் பலம். அதே கண்ணோடு பக்கத்து அறைக்காரரின் மின்னஞ்சலையும் படிக்கும்போதுதான் உறவு கெடுகிறது.

கோச் என்பவர் இந்த இடத்தில் வருகிறார். இருவரையும் தனித்தனியே ஒரு வினாத்தொகுப்பை நிரப்பச் சொல்கிறார். விடைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரோடும் தனியே பேசுகிறார். பிறகு இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, வேலையை எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும், திருத்தத்தை எப்படிச் சொன்னால் ஏற்பீர்கள் என்று ஒருவர் வாயால் மற்றவருக்குச் சொல்லவைக்கிறார். சட்டமும் சொல்லித்தருவதில்லை, குணத்தை மாற்றவும் முயல்வதில்லை.

இனி சொற்கள். 'ஆளுமைப் பயிற்சி' என்றால் நம் ஊரில் மேடைப் பேச்சு, உடை, கைகுலுக்கல் எல்லாம் கற்றுத்தரும் ஆளுமை மேம்பாட்டு வகுப்புதான் நினைவுக்கு வரும். 'பயிற்சி' என்பது கோச்சிங் சென்டரோடு ஒட்டிவிட்ட சொல். நீட்டுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் பாடம் நடத்துகிற இடம். கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியாளர் இருக்கட்டும், அது பொருத்தம். முப்பது ஆண்டு தொழில் செய்த மூத்த வழக்கறிஞரிடம் போய் உங்களுக்குப் பயிற்சி தேவை என்றால் அவர் கதவைச் சாத்திவிடுவார். பயிற்றுவிப்பு என்று நீட்டினாலும் ஆசிரியர் மாணவர் வாசனை போகாது.

ஆற்றுப்படுத்தல் அழகான சொல் என்று குழுவில் எழுதிய மதுரை ஐயாவோடு எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் ஆற்றுப்படையில் பரிசு பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்கிறான்; தான் போய்வந்த ஊர், தான் கண்ட வள்ளல். அது மென்டர் செய்யும் வேலை. மூத்த வழக்கறிஞர் தன் இளையவருக்கு அதைச் செய்யலாம். கோச்சோ பெரும்பாலும் அந்த வழியில் போனவர் அல்லர், போகவேண்டியதும் இல்லை. மேலும் மனத்துயருக்கான கவுன்சலிங்கை ஆற்றுப்படுத்தல் என்று ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே சொல்லில் இருந்தால், கோச்சிடம் போகிறவருக்கு ஏதோ மனநோய் என்று அலுவலகத்தில் பேச்சு கிளம்பும். இந்தத் தொழிலில் அது சின்ன விஷயமல்ல.

என் பரிந்துரை 'வழித்துணை'. செய்பவர் வழித்துணையர். கோச் என்ற சொல்லே ஹங்கேரியில் வண்டி செய்வதில் பேர்பெற்ற கோச் என்ற ஊரிலிருந்து கிளம்பி, வண்டியைக் குறித்து, 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் பேச்சில் தேர்வுக்குத் தங்களைக் கொண்டுசேர்ப்பவரைக் குறிக்க வந்தது. நாம் வண்டியைக் கொண்டுவரத் தேவையில்லை. உடன் நடப்பவரே நமக்குப் போதும். வேலூர் பக்கம் விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர், ஆகவே சொல் காதுக்குப் புதிதல்ல. போகுமிடத்தை முடிவு செய்பவர் பயணி. துணை வருபவர் அல்லர். இந்தத் துறையின் அறமும் அதுதான். இலங்கையில் கவுன்சலிங்குக்கு உளவளத்துணை என்று வழங்குவதால், இரண்டு சொற்களும் ஒரே குடும்பமாக அமைந்து, அதே சமயம் வேறுபட்டும் நிற்கும்.

அடுத்து பெர்சனாலிட்டி. உளவியல் பாடநூலில் ஆளுமை என்பதை நான் தொடமாட்டேன், அது நிலைத்துவிட்டது. ஆனால் இன்றைய பத்திரிகைத் தமிழில் ஆளுமை என்றால் பெரிய மனிதர். இலக்கிய ஆளுமை, அரசியல் ஆளுமை. 'ஆளுமைசார் வழித்துணை' என்றால் பிரமுகர்களுக்கான சேவை என்று படிப்பவர்கள் இருப்பார்கள். அவர் இயல்பு அப்படி என்று வீட்டிலும் நீதிமன்ற வராந்தாவிலும் சொல்கிறோமே, அந்த 'இயல்பு' சரியாக உட்காருகிறது. முழுத் தொடர்: இயல்பறி வழித்துணை.

வினாத்தொகுப்பின் பெயரில் இன்னும் கவனம் வேண்டும். குழுவில் யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் 'ஆளுமைப் பரிசோதனை' என்று எழுதியிருந்தார். பரிசோதனை என்றால் தேறினாயா தவறினாயா என்ற கேள்வி வரும், அல்லது ஆய்வுக்கூடத்து இரத்தம் நினைவுக்கு வரும். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் மனிதரை அகமுகம், புறமுகம் என்று வகுத்ததை அடியாகக் கொண்டு கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய மையர்ஸ்-பிரிக்ஸ் வினாத்தொகுப்பின் (MBTI) பெயரிலேயே 'காட்டி' (இண்டிகேட்டர்) என்றுதான் இருக்கிறது. திசைகாட்டி, நாள்காட்டி வரிசையில் 'இயல்புகாட்டி' என்போம். மையர்ஸ்-பிரிக்ஸ் காட்டி 16 வகையாக மனிதரைப் பிரிக்கிறது. சில வாரம் கழித்து மறுபடி நிரப்பினால் கணிசமானவர்களுக்கு வகை மாறிவிடுகிறது. அதை வைத்து ஆள் எடுக்கக் கூடாது என்று வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. ஆய்வாளர்களிடம் அதிக மதிப்புள்ளது ஐம்பெரும் பண்புகள் (பிக் ஃபைவ்) என்ற அளவீடுதான். பேச்சைத் தொடங்கிவைக்க மட்டும் பயன்படும் ஒன்றுக்கு அடக்கமான பெயர் போதும்.

அடக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு வழக்கறிஞர்களுக்கு நெருக்கமான சான்று உண்டு. மனிதரின் இயல்பை நால்வகையாகப் பார்க்கும் டிஸ்க் (DISC) என்ற இன்னொரு காட்டிக்கு மூலமான கொள்கையை 1928இல் எழுதியவர் வில்லியம் மார்ஸ்டன். ஹார்வர்டில் சட்டமும் உளவியலும் படித்தவர். இரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்றவரும் அவரே. 1923இல் பிரை என்பவர் மீதான கொலை வழக்கில் அவருடைய சாட்சியத்தை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. துறையினரிடையே பொதுவான ஏற்பு பெற்றிருந்தால்தான் அறிவியல் சான்று செல்லும் என்ற அளவுகோல் அந்தத் தீர்ப்பில்தான் பிறந்தது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1993 வரை நின்றது. இயல்புகாட்டியை நீட்டும்போது, இதற்கு என்ன ஆதாரம் என்று வழக்கறிஞர் கேட்பது அவர் பிடிவாதம் அல்ல, அவர் படித்த படிப்பு.

டிஸ்கின் நான்கு கூறுகளையும் அகராதி பார்த்து ஆதிக்கம், செல்வாக்கு, நிலைத்தன்மை, மனசாட்சியுடைமை என்று பெயர்த்திருப்பதைக் கண்டேன். நீங்கள் ஆதிக்க வகை என்று தாளில் அச்சிட்டு ஒரு பங்குதாரர் கையில் கொடுத்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. தமிழில் ஆதிக்கம் என்பது குற்றச்சாட்டு. சாதி ஆதிக்கம், மொழி ஆதிக்கம் என்றுதான் அது வாழ்ந்திருக்கிறது. செல்வாக்கோ பணமும் பதவியும் சம்பந்தப்பட்டது. முனைப்பு, ஈர்ப்பு, நிதானம், நுணுக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கில் எதைக் கேட்டாலும் ஒருவர் தலைநிமிர்ந்து ஏற்றுக்கொள்ள முடிய வேண்டும் என்பதே நான் வைத்துப் பார்த்த அளவு.

கம்யூனிகேஷனுக்கு இலங்கை வழக்கான தொடர்பாடலை அப்படியே எடுத்துக்கொள்வோம். தகவல் தொடர்பு என்றால் கோபுரமும் கம்பியும்தான் தெரிகின்றன.

இன்னும் அமையாத சொல் ஒன்று இருக்கிறது: வழித்துணை பெறுபவர். கட்சிக்காரர் என்றால் வழக்கோடு குழம்பும், வாடிக்கையாளர் என்றால் கடை. இங்கே பணம் கட்டுவது நிறுவனம், அமர்ந்து பேசுவது தனிநபர். அவர் சொன்னதை நிறுவனத்திடம் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆனால் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே நடக்கும் பேச்சை வெளியிடாமல் காக்கும் சட்டப் பாதுகாப்பு இந்தப் பேச்சுக்குக் கிடையாது. ஆகவே இருவரையும் பிரித்துச் சொல்ல இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும். 'துணைபெறுநர்', 'துணையமர்த்துநர்' என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். இரண்டாவது நாவில் புரளவில்லை. இதைவிடச் சிறியதாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள். வழித்துணைக்கான ஒப்பந்தப் படிவத்தின் தமிழ் வரைவை நான் முடிக்க அது ஒன்றுதான் பாக்கி.