ஏலத்தில் கிடைத்த விசித்திரமான காமிக்ஸ் பொருள்கள்: இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் அனுபவம் எது?

வெற்றுறை எழுதியது:

அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான மார்வெலின் ‘நோ-பிரைஸ்’ பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கதைகளில் நேர்ந்த பிழைகளைக் கண்டுபிடித்து எழுதிய வாசகர்களுக்கு அதன் பதிப்பாசிரியர் ஸ்டான் லீ 1960களில் அனுப்பிவைத்த அந்த உறைகளில் ஒன்று, காமிக்ஸ் பிரிவில் அல்லாமல் ‘பழைய கடிதங்கள்’ என்ற பிரிவில், அதுவும் எழுத்துப்பிழையுள்ள தலைப்புடன் ஏலத்துக்கு வந்திருந்தது. பொருள் விவரத்தில் விற்பனையாளர், “உறை மட்டுமே உள்ளது. உள்ளே இருந்த பரிசு தொலைந்துவிட்டது. ஆகவே தொடக்க விலையைக் குறைத்திருக்கிறேன்” என்று எழுதியிருந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை என்பதுதான் அந்தப் பரிசு. வாசகருக்கு நோ-பிரைஸ் கிடைத்துவிட்டதாக உறையின் மேல் பெருமையோடு அச்சிட்டுவிட்டு, காலியாக அனுப்புவதுதான் அதன் வேடிக்கை. உறை காலியாக இருக்கிறதே என்று அந்தக் காலத்திலேயே சிலர் குறைப்பட்டு எழுதியதுண்டு. எனக்கு இதெல்லாம் தெரியும், விற்பவருக்குத் தெரியவில்லை. நான் வாய் திறக்கவில்லை. என்னைத் தவிர ஒருவர் மட்டுமே ஏலம் கேட்டார். அவரும் பாதியில் விலகிக்கொண்டதால் உறை எனக்கே வந்தது.

இதுவரை எல்லாம் சரி. பொருள் கைக்கு வந்து ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “அந்த உறை என் அண்ணனுடையது. உள்ளே என்ன பரிசு இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர் போன பிறகு அதைத் தேடி அவருடைய அலமாரியை மூன்று முறை கலைத்துப் பார்த்துவிட்டேன்” என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. ‘விற்பனையாளர் மிக நம்பகமானவர், பொருள் பத்திரமாக வந்தது’ என்று மதிப்புரை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். ஓராண்டாகிறது. உறையை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று முறை என்ற சொல்தான் கண்ணில் நிற்கிறது.

கடைசிநொடி எழுதியது:

நண்பர் வெற்றுறை தேவையில்லாமல் தம்மை வருத்திக்கொள்கிறார். விற்கும் பொருள் இன்னதென்று அறிந்துகொள்வது விற்பவரின் பொறுப்பு. வாங்குபவர் அவருக்கு ஆசிரியர் அல்லர். என் அனுபவம் சிறியது. கலவையாகக் கட்டிவைத்திருந்த பழைய பொம்மைகளின் படத்தில், மூலையில் ஒரு நெகிழித் தட்டு பாதி மறைந்து தெரிந்தது. அது 1977 பிப்ரவரியில் வெளியான ‘2000 ஏடி’ என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழின் முதல் இதழுடன் இலவசமாகக் கொடுத்த ‘ஸ்பேஸ் ஸ்பின்னர்’. இதழைப் பத்திரப்படுத்தியவர்கள் பலர் உண்டு. தட்டைப் பத்திரப்படுத்தியவர்கள் சிலரே, ஏனென்றால் அது எறிந்து விளையாடுவதற்காகவே கொடுக்கப்பட்டது. விற்பவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அன்றிரவு நன்றாகவே தூங்கினேன்.

இந்த இடத்தில் புதியவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். நண்பருக்கு ஒரே ஒரு போட்டியாளர்தான் இருந்தார் என்பது அதிர்ஷ்டம். அதை உத்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உங்கள் உச்சத்தொகையை முன்கூட்டியே பதிந்துவைக்கும் தளங்களில், இரண்டாவதாக வந்தவரின் தொகையைவிட ஒரு படி மட்டுமே கூடுதலாக உங்களிடம் வசூலிக்கப்படும். ஆகவே பயந்து பயந்து சிறிது சிறிதாக ஏற்றுவதில் பயனில்லை. அப்படி ஏற்றுவது, இந்தப் பொருளில் ஏதோ இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தண்டோரா போடுவதற்குச் சமம். முடிவு நேரம் மாறாத தளம் என்றால் கடைசிச் சில நொடிகளில் உங்கள் முழு உச்சத்தொகையையும் ஒரே முறை பதியுங்கள். கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும் தளம் என்றால் இந்த வித்தை செல்லாது; அங்கே உங்கள் எல்லையை முன்னரே தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். தேடும்போது சரியான பெயரோடு நின்றுவிடாமல், தவறாக எழுதக்கூடிய நான்கைந்து வடிவங்களையும் தேடுங்கள். பொருளின் பெயரே தெரியாதவர் அதை எப்படி வருணிப்பார் என்று எண்ணிப்பாருங்கள்: ‘அட்டைக் கண்ணாடி’, ‘பழைய உறுப்பினர் அட்டை’, ‘வட்டமான பொம்மை’. படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். நடுவில் இருப்பதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

கத்தரிக்கோல் எழுதியது:

கடைசிநொடி அவர்களின் தூக்கம் நீடிக்கட்டும். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

1974இல் மார்வெல் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் அச்சாகத் தொடங்கிய ‘வேல்யூ ஸ்டாம்ப்’களை, அதாவது கதாபாத்திரங்களின் சிறு படங்களை, வெட்டி ஒட்டுவதற்கென்று ஒரு கையேடு இருந்ததல்லவா? அந்த முதல் வரிசையின் நூறு ஸ்டாம்ப்களில் பெரும்பாலானவை ஒட்டப்பட்ட ஒரு கையேட்டை ஏலத்தில் எடுத்தேன். ஒரு சிறுவன் மிகுந்த பொறுமையோடு வெட்டியிருக்கிறான். ஓரங்கள் நேராக இருக்கின்றன, பசை எங்கும் வழியவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து 54ஆம் எண்ணில் நின்றேன். மார்வெல் கதாபாத்திரமான ஷீ-டெவில் ஷன்னாவின் படம். ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 181ஆம் இதழில் இருக்கும் ஸ்டாம்ப் அதுதான். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நாயகன் வோல்வரின் முதன்முதலாக முழுமையாகத் தோன்றும் அந்த இதழை வாங்குபவர்கள், அட்டையை ரசிப்பதற்கு முன்பே கடிதப் பக்கத்தைத் திருப்பி, ஸ்டாம்ப் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அது இல்லையென்றால் மற்றபடி எவ்வளவு புதிதாக இருந்தாலும் இதழ் குறையுள்ளதாகிவிடும். காமிக்ஸ் இதழ்களுக்குத் தர மதிப்பெண் வழங்கும் சிஜிசி நிறுவனத்தில் கொடுத்தாலும் அந்தக் குறை, குறையுள்ள இதழ் என்று காட்டும் பச்சை நிறச் சீட்டிலோ மிகக் குறைந்த மதிப்பெண்ணிலோ வந்து நிற்கும்.

ஒரே ஸ்டாம்ப் வெவ்வேறு இதழ்களிலும் வந்ததுண்டு என்பதால், இது 181இலிருந்துதான் வெட்டப்பட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதை அறிவதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. ஸ்டாம்பைப் பெயர்த்தெடுத்து, அதன் பின்புறம் அச்சாகியிருக்கும் துண்டை இதழின் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு நாள் மாலை மெல்லிய தகடு ஒன்றை எடுத்து, ஸ்டாம்பின் மேல்மூலைக்கு அடியில் நுழைத்தும்விட்டேன். மூலை சற்றே எழும்பியது. ஒரு எழுத்தின் வால் மட்டும் தெரிந்தது. அங்கேயே கையை எடுத்துவிட்டேன். அந்த மூலை இன்றும் அப்படியே எழும்பி நிற்கிறது.

அளவுகோல் எழுதியது:

கத்தரிக்கோல் அவர்களே, தயவுசெய்து இனி அதைத் தொட வேண்டாம். தண்ணீர், ஆவி, சூடான காற்று என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மலிவான செய்தித்தாள் வகைக் காகிதம் அது. அமிலத்தால் ஏற்கெனவே பழுத்துப்போயிருக்கும். ஈரம் பட்டால் ஒரு பக்கத்து மை மறுபக்கத்துக்கு இறங்கிவிடும்.

நான் சொல்ல வந்தது எனக்கு நேர்ந்த அவமானம். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் 1974ஆம் ஆண்டுப் பெரிய அளவு மறுபதிப்பைப் பற்றி நானே பலரை எச்சரித்திருக்கிறேன். உள்ளட்டை, விளம்பரங்கள், 10 செண்ட் விலை உட்பட 1938ஆம் ஆண்டு மூல இதழை அப்படியே நகலெடுத்த பதிப்பு அது. மறுபதிப்பு என்று அறிவிக்கும் தடித்த வெளியட்டையைக் கழற்றிவிட்டால், விவரம் தெரியாதவர் மூல இதழ் என்றே நம்பிவிடுவார். காட்டிக்கொடுப்பது அளவு மட்டுமே: மூல இதழின் உயரம் சுமார் 10½ அங்குலம், மறுபதிப்பின் உயரம் சுமார் 13½ அங்குலம். படத்தில் அளவு தெரியாது. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே எனக்கு இந்தப் பெயரும் வந்தது.

ஒரு நள்ளிரவில், ‘தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது, பின்னட்டை இல்லை, திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது’ என்ற குறிப்புடன் ஒன்று வந்திருந்தது. முடிய நான்கு நிமிடங்களே இருந்தன. எல்லாம் தெரிந்த எனக்கு அந்த நான்கு நிமிடமும் ஒன்றுமே தெரியவில்லை. ஒருவேளை, ஒருவேளை என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அளவுகோல் கேட்கவில்லை. கேட்டால் விற்பவர் விழித்துக்கொள்வாரோ என்று அஞ்சினேன். யாரை ஏமாற்றுவதாக அப்போது நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுதவும் கூசுகிறது. பொருள் வந்த அன்று பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. வாசலில் நின்றவரின் இரு கைகளிலும் அது இருந்த அகலமே போதுமானதாக இருந்தது.

உப்புநீர் எழுதியது:

என்னைத் திட்டப்போகிறீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். காமிக்ஸின் பின்பக்க விளம்பரங்களில், கிரீடம் போன்ற தலையோடு ஜோ ஒர்லாண்டோ வரைந்த சிரித்த முகக் குடும்பம் நினைவிருக்கும். அந்த ‘சீ-மங்கீஸ்’ பொட்டலம் ஒன்று, முத்திரை கிழியாமல், ஏலத்தில் கிடைத்தது. ஹரால்டு வான் பிரவுன்ஹட் 1957இல் உருவாக்கி, முதலில் வேறு பெயரில் விற்று, 1962இல் இந்தப் பெயரைச் சூட்டினார். உள்ளே இருப்பவை உப்புநீர் இறாலின் முட்டைகள். உலர்ந்த நிலையில் அவை உயிரை அடக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். விளம்பரத்தில் மட்டுமே பார்த்து ஏங்கிய ஒன்று, நாற்பது வயதுக்கு மேல் கையில் இருக்கும்போது என்ன செய்வீர்கள்? நான் பிரித்தேன். தண்ணீரில் கொட்டினேன். ஐந்து நாள்கள் காலையும் மாலையும் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலங்கியது, வேறொன்றும் நடக்கவில்லை. காலிப் பொட்டலத்தை வைத்திருக்கிறேன். அதன் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்று யாரும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

கடைசிநொடி எழுதியது:

கணக்குச் சொல்லவில்லை. முத்திரை கிழியாத ஒன்றைப் பிரித்துவிட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். 1992ஆம் ஆண்டின் இறுதியில் வந்த, சூப்பர்மேன் இறந்துபோகும் ‘சூப்பர்மேன்’ 75ஆம் இதழின் கறுப்பு உறையைப் பிரித்து, உள்ளிருந்த துக்கப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டவர்கள்கூட அதைப் படித்த மகிழ்ச்சியையாவது பெற்றார்கள்.

கத்தரிக்கோல் எழுதியது:

அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்களும் அதனால் செல்வந்தர் ஆகிவிடவில்லை. எல்லோருமே அப்படி வைத்திருந்தார்கள். உப்புநீர் செய்ததில் எனக்குத் தவறு தெரியவில்லை. அந்த ஐந்து நாள்கள் அவருக்குக் கிடைத்தனவே.

வெற்றுறை எழுதியது:

இவற்றையெல்லாம் படித்துவிட்டு நேற்றிரவு அந்த விற்பனையாளருக்கு எழுதினேன். உறை காலியாகத்தான் வந்தது, அதுதான் பரிசு, உங்கள் அண்ணன் ஒரு கதையில் யாரும் காணாத பிழையைக் கண்டுபிடித்து எழுதியதற்காக அது வந்திருக்கும், எனக்கு இது வாங்கும்போதே தெரியும் என்று எதையும் மறைக்காமல் எழுதினேன். காலையில் பதில் வந்திருந்தது. கோபம் இல்லை. எந்தக் கதை, என்ன பிழை என்று கேட்டிருக்கிறார். அது உறையில் இல்லையே, எனக்கும் தெரியாது. அண்ணனின் பழைய இதழ்கள் இன்னும் வீட்டில் இருப்பதாகவும், பிழையைத் தாமே தேடிப் பார்க்கப்போவதாகவும், உறையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறார். அந்த வரிக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

கடைசிநொடி எழுதியது:

அனுப்புவதாக இருந்தால் மடிக்க வேண்டாம். அமிலமில்லாத அட்டைகள் இரண்டுக்கு நடுவே வைத்து, ஒட்டுநாடா உறையின் மேல் படாதவாறு மூலைகளை மட்டும் அட்டையோடு பிணைத்து, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வெளியே ‘உள்ளே உறை உள்ளது’ என்று தெளிவாக எழுதுங்கள். இல்லையென்றால் இந்த முறை அவர் உண்மையாகவே காலி என்று எறிந்துவிடக்கூடும்.