அரங்கம் அமைப்போருக்குச் சேவைக் கட்டணத்தில் பங்கு வேண்டுமா?

நெடுமேசை எழுதியது:
பெரிய உல்லாச விடுதி ஒன்றில் விழாக்களுக்கு அரங்கம் அமைக்கும் குழுவில் வேலை செய்கிறேன். விருந்து ரசீதில் சேர்க்கப்படும் சேவைக் கட்டணம் இங்கே பரிமாறுவோருக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் மட்டுமே பிரித்துத் தரப்படுகிறது. மேசை, நாற்காலி, மேடை போடும் எங்களுக்கு மணிக்கூலியோடு சரி. விருந்தினர் கண்ணில் படாதவருக்கு அதில் பங்கில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். பகலில் கருத்தரங்கு நடந்த கூடத்திலேயே மாலையில் விருந்து என்றால், வரிசை நாற்காலிகளை அடுக்கி வெளியேற்றி, நகரும் தடுப்புச் சுவரைத் தள்ளி ஒதுக்கி, 400 பேருக்கு வட்டமேசை போட்டு முடிக்க இரண்டு மணி நேரம் கிடைப்பதே அரிது. அதைச் சேவையில் சேர்க்க மாட்டோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்குப்புலி எழுதியது:
உங்கள் உழைப்பை யாரும் மறுக்கவில்லை. கேட்கும் வழிதான் தவறு. இன்று உங்களுக்குப் பங்கு கொடுத்தால், துணி வெளுப்பவரும் விளக்குப் பொருத்துபவரும் தோட்டக்காரரும் அதே நியாயத்தோடு நாளை வருவார்கள், அவர்களை மறுக்க உங்களிடமே வாதம் இருக்காது. இந்தப் பங்கு கிடைக்கும் என்பதைக் காட்டித்தான் பல விடுதிகளில் பரிமாறுவோரின் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். விழா இல்லாத மாதங்களில் அவர்கள் கை வறண்டுபோகும். நிலையான கூலியை விட்டுவிட்டு அந்த நிச்சயமின்மையை நீங்கள் ஏன் விரும்பிக் கேட்கிறீர்கள்? மணிக்கூலியை உயர்த்தக் கேளுங்கள், நானும் உடன் நிற்கிறேன்.

நெடுமேசை எழுதியது:
தோட்டக்காரரின் வேலை ஒரு குறிப்பிட்ட விருந்தோடு கட்டுண்டதல்ல, எங்களுடையது கட்டுண்டது. ஆறடி வட்டமேசையில் பத்துப் பேர், ஐந்தடி மேசையில் எட்டுப் பேர் என்பது வழக்கமான கணக்கு; ஆகவே அதே 400 பேருக்கு ஒன்றில் 40 மேசை, மற்றொன்றில் 50 மேசை. வரைபடத்தில் இரண்டும் அழகாகவே தெரியும். ஆனால் விருந்தினர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து உட்கார்ந்த பிறகும் தட்டோடு ஒருவர் நடக்க வழி இருக்குமா, அவசர வாயிலுக்குப் போகும் பாதை அடைபடுமா என்பதெல்லாம் நாங்கள் மேடையின் நடுக்கோட்டிலிருந்து அளந்து முதல் வரிசையைப் போடும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அந்த வரிசை ஒரு சாண் விலகினால், கடைசி வரிசை சுவரில் முட்டும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒருவர் கையால் தூக்கப் பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. அதுவும் சுமை உடலை ஒட்டியிருந்து, இடுப்பைத் திருப்பாமல், எப்போதாவது தூக்கும் சிறந்த சூழலுக்கு மட்டும். ஒட்டுப்பலகையில் செய்த ஆறடி மேசை அதைவிடக் கனமானது. அதனால்தான் அதை விளிம்பில் நிறுத்தி உருட்டுகிறோம், மேசையின் கால்களை விரித்து நிமிர்த்த இருவர் சேருகிறோம். ஆட்கள் குறைந்த இரவில் அந்த இரண்டாமவர் இருக்க மாட்டார்.

தட்டேந்தி எழுதியது:
நான் பரிமாறுபவன், ஆகவே என் பங்கு குறையும் என்ற அச்சம் எனக்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசை ஆடினால் விருந்தினர் என்னைத்தான் கேட்கிறார், அமைத்தவரை அல்ல. அந்த முகம் கொடுத்தலுக்கு ஒரு விலை இருக்கிறது. ஆயினும், முந்தின நாளே நிதானமாக அமைத்த கூடத்தையும், இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே அவசரமாக மாற்றிய கூடத்தையும் ஒன்றாகக் கருத வேண்டியதில்லை. பின்னதற்கு மட்டும் குழுவுக்குப் பங்கு தரலாம் என்பது என் கருத்து.

கணக்குப்புலி எழுதியது:
அவசரம் என்பதை யார் அளப்பது? மேலாளர் சொன்னால் அவசரம், சொல்லாவிட்டால் இல்லை என்று முடியும்.

நெடுமேசை எழுதியது:
அளவுகோல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒவ்வொரு விழாவுக்கும் வரும் நிகழ்ச்சி உத்தரவுத் தாளில் முந்தைய நிகழ்ச்சி முடியும் நேரமும் அடுத்தது தொடங்கும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். இடைவெளி இத்தனை மணிக்குக் குறைந்தால் பங்கு உண்டு என்று ஒரு வரியில் விதி செய்துவிடலாம். ஆனால் விருந்து முடிந்தபின் மேசை, மேடையைக் கழற்றி அடுக்கும் நள்ளிரவுப் பிரிப்பைத் தட்டேந்தி ஐயா விட்டுவிட்டார். விருந்து நீண்டுபோனாலும் காலைக் கூட்டத்தின் நேரம் தள்ளிப்போகாது, ஆகவே அந்தத் தாமதம் முழுவதும் எங்கள் நேரத்திலிருந்தே கழிகிறது. விரல் நசுங்குவதும், அளவுக்கு மீறி அடுக்கிய நாற்காலி வண்டி சாய்வதும் பெரும்பாலும் அப்போதுதான். அதையும் சேர்த்தால் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிப்பேன்.

கணக்குப்புலி எழுதியது:
நள்ளிரவுப் பிரிப்புக்கு உரியது இரவுப்படி; ஆள் போதாமைக்கு மருந்து கூடுதல் ஆட்கள். இரண்டையும் பரிமாறுவோரின் பணத்திலிருந்து ஈடுகட்டினால், செலவிலிருந்து தப்பிப்பது நிர்வாகம் மட்டுமே. இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே கூடத்தை அவசரமாக மாற்றுவதற்கான பங்கை மட்டும், அதுவும் மணிக்கூலி குறைக்கப்படாது என்ற எழுத்து ஒப்பந்தத்தோடு, ஏற்கிறேன்.