செல்போனைக் கெடுத்துத் தரச் சொன்ன அம்மா: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

காரிமங்கலம் கடைக்காரன்:
செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஓர் அம்மா வந்தார். மடியிலிருந்து போனை எடுத்து, "இதை யாரும் சரிசெய்ய முடியாதபடி கெடுத்துக் கொடு தம்பி" என்றார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. விடிய விடிய விளையாட்டு, பிடுங்கினால் சோற்றுத்தட்டு பறக்கிறது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டாக்டரிடம் காட்டலாமே என்றேன். "பைத்தியம் என்று பேர் வந்துவிட்டால் அவன் தங்கச்சியை யார் கட்டுவார்கள்?" என்றார். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, போர்டு போய்விட்டதாகச் சொல்லச் சொன்னேன். மறுக்க மறுக்க நூறு ரூபாயை வைத்துவிட்டுப் போனார். கெடுத்ததற்குக் கூலி வாங்கியது அதுதான் முதல் தடவை. அந்த நோட்டு கல்லாவில் தனியாகக் கிடக்கிறது.

பென்னாகரம் பட்டுக்கூடு:
எங்கள் வீட்டில் பையன் இல்லை, கணவர். நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். நான்காம் தோலுரிப்பு முடிந்த புழுக்கள் இலை தின்னும் சத்தம் ஓட்டில் மழை பெய்வதுபோல இருக்கும். அன்று இரவு இலை போடுவது அவர் முறை. பின்னிரவில் விழித்தேன். சத்தமே இல்லை. தட்டுகளில் வெறும் காம்பு, புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு இருந்தன. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வீடியோ தள்ளிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "நான் என்ன குடித்துவிட்டா வந்தேன்?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஓசூர்வாசி:
கடைக்காரரே, நீங்கள் செய்தது தவறு. பொய் சொல்லிப் பிடுங்கினால் பையன் வேறு போன் தேடுவான், அம்மாவை நம்பவும் மாட்டான். நானும் ஒரு வருடம் அப்படி இருந்தவன்தான், அதை விடுங்கள். விளையாட்டு அடிமைத்தனம் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. சும்மா போன் பார்ப்பதெல்லாம் அதில் வராது. கட்டுப்பாடு கைவிட்டுப் போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாக வேண்டும், கேடு வந்தும் நிறுத்த முடியாமல் தொடர வேண்டும். பொதுவாக ஒரு வருடமாவது இப்படி நீடித்தால்தான் நோய் என்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இருக்கிறது; ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். அதுவரை போக முடியாவிட்டால் 14416க்கு அழையுங்கள், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். பென்னாகரம் அக்கா, உங்கள் கணவரோடு சண்டை போடாதீர்கள். இரவில் போனைப் புழுமனைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

அரூரான்:
ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தான். அரூரிலிருந்து போய்ப் பாருங்கள், ஒரு நாள் கூலி போய்விடும். அதோடு, எண் கொடுத்தால் அழைத்துவிடுவார்களா? எங்கள் ஊரில் தயக்கம் பணத்தால் மட்டும் இல்லை. அக்கா மகனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மனநலப் பிரிவு வாசலில் எதிர்வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிட்டோம். "யாருக்கு?" என்றார். பையன் முகம் செத்துவிட்டது. "எனக்குத்தான், ஆறு மாதமாகத் தூக்கமில்லை" என்றேன். அவர் ஏதோ வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார். (வெந்தயம் என்று நினைக்கிறேன்.) உள்ளே போனதும், நான் வாய் திறப்பதற்குள் பையனே டாக்டரிடம் பேச ஆரம்பித்துவிட்டான். ஊருக்குள் இப்போது நான்தான் நோயாளி.

காரிமங்கலம் கடைக்காரன்:
ஓசூர்க்காரர் திட்டியது சரிதான். நேற்று மாலை அந்தப் பையன் கடைக்கு வந்தான். போனை நீட்டினால் ஒரு நிமிடத்தில் மாட்டிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவன் போனை எடுக்கவே இல்லை. "எங்கம்மா உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் அண்ணா?" என்று கேட்டான். கல்லாவைத் திறந்து அந்த நோட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் போகாமல் கடை அடைக்கும்வரை அங்கேயே நின்றான். அரூர்க்காரரே, நீங்கள் மருத்துவமனைக்கு எந்தக் கிழமை போனீர்கள்?